கறையான் தின்னாத புத்தகம்



நான் கோலார் தங்கவயலில் வசிக்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருக்கிறேன். மாலையில் எங்கள் லைனில் எழுத்தறிவு வகுப்பு நடத்துகிறேன். நான் பிறந்தபோதே சுரங்கம் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடியே விட்டார்கள். இன்று எங்கள் ஆட்கள் பலர் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவில்தான் திரும்புகிறார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வகுப்பு.

வகுப்பு நடக்கும் இடம் ஒரு பழைய படிப்பகம். சுரங்கத் தொழிலாளர்கள் சம்பளத்தில் காசு சேர்த்து உண்டாக்கியது. அங்கே இரண்டு மர பீரோக்களும் ஒரு பெரிய தகரப் பெட்டியும் இருக்கின்றன.

அந்தத் தகரப் பெட்டியைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

பெட்டியைத் திறந்தோம்

ஒரு மழைக்காலம். நாலு நாள் விடாமல் மழை பெய்தது. படிப்பகத்தின் கூரை ஒழுகியது. மழை விட்ட பிறகு வகுப்புக்கு வரும் அக்காமார்களோடு சேர்ந்து பெட்டியைத் திறந்தேன். அடியில் தண்ணீர் தேங்கி இருந்தது. ஒரு மூலையில் துரு பிடித்து ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் கறையான் ஏறி இருந்தது.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பழைய தமிழ் வார இதழ்கள். சங்கக் கூட்ட நோட்டீசுகள். நாடக நோட்டீசுகள். சம்பளச் சீட்டுகள். தொழிலாளர்கள் கையால் எழுதி, கையால் படம் வரைந்து நடத்திய ஒரு கையெழுத்துப் பத்திரிகை.

பாதிக்கு மேல் கூழாகிப் போயிருந்தது.

செய்தி கேட்டு ஒரு தாத்தா வந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதியவர்களில் அவரும் ஒருவர். கூழான காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்த முடியுமா, கண்ணு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்து ஊர் நூலகர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதையும், நாங்கள் செய்து பார்த்துக் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். நாங்கள் செய்த தவறுகளையும் எழுதுகிறேன். நீங்கள் அவற்றைச் செய்ய வேண்டாம் அல்லவா?

காகிதம் ஏன் அழிகிறது?

பழைய செய்தித்தாளைப் பாருங்கள். மஞ்சளாக இருக்கும். மடித்தால் அப்பளம் போல் உடையும். மரக்கூழில் செய்த மலிவான காகிதத்தில் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் காகிதத்தை உள்ளிருந்தே அரிக்கிறது. வெயிலும் சூடும் பட்டால் அழிவு இன்னும் வேகமாகும்.

ஈரம் பட்டால் பூஞ்சணம் பூக்கும். கறையான் தின்னும். ராமபாணப் பூச்சி துளைக்கும். எங்கள் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. தங்கம் எடுத்த பின் கொட்டிய மண், சயனைட் மேடுகளாக நிற்கிறது. காற்று அடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். புத்தகத்தின் மேலும் படியும்.

வெள்ளம் வந்தால் சொல்லவே வேண்டாம். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. வீடுகளோடு எத்தனையோ புத்தகங்களும் நனைந்து வீணாயின.

ஒரு பத்திரிகையின் கதை

“பழைய காகிதம்தானே, போனால் போகட்டும்” என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

1907-ஆம் ஆண்டு. சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலை ஒரு பைசா. ஒரு வருடம் கழித்து அதன் பெயர் ‘தமிழன்’ என்று ஆனது. சாதிக் கொடுமையை எதிர்த்து அதில் எழுதினார். கல்வி, மருத்துவம், பௌத்தம் பற்றியும் எழுதினார். தங்கவயல் தொழிலாளர்கள் அந்த இதழை வாங்கிப் படித்தார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

1914-இல் பண்டிதர் மறைந்தார். பிற்காலத்தில் ‘தமிழன்’ எங்கள் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சாம்பியன் ரீஃப் பகுதியில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அவருடைய எழுத்துகளை நூல்களாகவும் அச்சிட்டது.

பிறகு பல ஆண்டுகள் அந்த எழுத்துகள் வெளியே பரவலாகத் தெரியவில்லை. ஆனால் சிலர் பழைய இதழ்களைத் தூக்கி எறியவில்லை. வீட்டில் கட்டிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அப்படி மிஞ்சிய இதழ்களைக் கொண்டுதான் 1999-இல் ஞான. அலாய்சியஸ் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்ற பெரிய தொகுப்பை வெளியிட்டார். இன்று கல்லூரிகளில் அதை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள்.

அந்த வீடுகளில் கறையான் முந்தி இருந்தால் என்ன ஆகி இருக்கும்? நினைத்துப் பாருங்கள்.

டிஜிட்டல் தொகுப்பு என்றால் என்ன?

புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுக்கிறோம். அந்தப் படங்களைக் கணினியில் சேர்த்து வைக்கிறோம். திரையில் பார்த்துப் படிக்கலாம். வேறு ஊருக்கு நொடியில் அனுப்பலாம். எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஆனால் படம் எடுத்தால் மட்டும் அது தொகுப்பு ஆகாது. உங்கள் கைப்பேசியில் ஆயிரம் படங்கள் இருக்கலாம். மூன்று வருடத்துக்கு முன் எடுத்த ரேஷன் அட்டைப் படத்தை உடனே தேடி எடுக்க முடிகிறதா? முடியாது. கைப்பேசி கெட்டால் எல்லாமே போய்விடும்.

தொகுப்பு என்றால் அதற்கு நாலு குணம் வேண்டும்.

1. எதைச் சேர்க்க வேண்டும் என்று யோசித்துச் சேர்த்திருக்க வேண்டும்.
2. ஒவ்வொன்றுக்கும் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும்.
3. கெடாமல் பாதுகாக்க வேண்டும்.
4. தேவைப்படுபவர் கையில் கிடைக்க வேண்டும்.

நம் நாட்டில் பெரிய அளவில் இந்த வேலை நடக்கிறது. தேசிய டிஜிட்டல் நூலகத்தை கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்துகிறது. 2018 ஜூன் 19-இல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கையெழுத்துச் சுவடிகளுக்காக 2003-இல் தேசிய அளவில் ஓர் இயக்கம் தொடங்கியது. 2025-இல் மத்திய பட்ஜெட்டில் ‘ஞான பாரதம்’ என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காப்பது அதன் நோக்கம்.

பெரியவர்கள் பெரிய வேலையைச் செய்யட்டும். எங்கள் பெட்டியில் இருக்கும் நாடக நோட்டீசைத் தேடி டெல்லியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். அதை நாங்கள்தான் செய்ய வேண்டும்.

முதலில் நோட்டுப் புத்தகம், பிறகுதான் கைப்பேசி

நூலகர் ஐயாவிடம் போனவுடன் நான் கேட்டேன்: “ஐயா, எந்த மெஷின் வாங்கணும்?”

அவர் சிரித்தார். “மெஷின் இருக்கட்டும்மா. உன் பெட்டியில் என்னென்ன இருக்கு? எண்ணிப் பாத்தியா?”

நான் எண்ணவில்லை.

“போய் எண்ணி எழுதிட்டு வா” என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் முழுவதும் எங்கள் வகுப்பு எண்ணும் வகுப்பாகவே நடந்தது. மூக்கில் துணி கட்டிக்கொண்டோம். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினோம். ஈரமான காகிதங்களை நிழலில் காய வைத்தோம். வெயிலில் வைக்கவில்லை. ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிய்க்கவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து ஓர் அக்கா தலைப்பைப் படிப்பார். இன்னோர் அக்கா நோட்டில் எழுதுவார். போன வருடம் ‘அ’ எழுதப் பழகியவர்கள் அவர்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு அவர்கள்தான் பட்டியல் எழுதினார்கள்.

பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். ஐயா மூன்று கேள்விகள் கேட்டார்.

முதல் கேள்வி: இது வேறு எங்காவது கிடைக்கிறதா? அச்சான பல பழைய தமிழ் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஏற்கெனவே படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கே இருப்பதை நாம் மறுபடி எடுத்தால் உழைப்பு வீண். உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் அதை முதலில் எடுக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: இது எவ்வளவு நாள் தாங்கும்? உடைந்து கொண்டிருப்பதை முதலில் எடுக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: இது யாருக்குப் பயன்படும்? சம்பளச் சீட்டைப் பார்த்தால் அந்தக் காலக் கூலி தெரியும். நாடக நோட்டீசைப் பார்த்தால் நம் தாத்தா நடித்த நாடகம் தெரியும்.

ஒவ்வொரு கேள்விக்கும் 3 மதிப்பெண் வைத்தோம். மொத்தம் 9. கையெழுத்துப் பத்திரிகைக்கு 9-க்கு 9 கிடைத்தது. பழைய காலண்டருக்கு 2. அதிக மதிப்பெண் வாங்கியதை முதலில் எடுத்தோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய ஆசைப்பட்டால் ஒன்றும் முடியாது.

யாருடைய சொத்து?

ஒரு நூலை எழுதியவருக்கு அதன் மேல் உரிமை உண்டு. இதைப் பதிப்புரிமை என்பார்கள். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதைக் காக்கிறது. ஆசிரியர் வாழும் காலம் முழுவதும் உரிமை உண்டு. அவர் இறந்த பிறகு மேலும் 60 ஆண்டுகள் உண்டு. இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து அந்த 60-ஐ எண்ண வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். அண்ணல் அம்பேத்கர் 1956 டிசம்பரில் மறைந்தார். 1957 ஜனவரி 1-லிருந்து எண்ணுங்கள். 60 ஆண்டுகள் 2016 டிசம்பரோடு முடிகின்றன. அவர் உயிரோடு இருந்தபோது வெளியிட்ட நூல்கள் 2017 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த நூலை ஒருவர் பிற்காலத்தில் தமிழில் மொழிபெயர்த்து இருக்கலாம். மொழிபெயர்ப்பின் மேல் அவருக்குத் தனி உரிமை உண்டு. அது முடியாதவரை அவரையோ அவர் குடும்பத்தையோ கேட்க வேண்டும். பலர் சம்மதம் தருவார்கள். அதை எழுதி வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.

சட்டம் சொல்லும் உரிமை இது. மனசு சம்பந்தமான உரிமை இன்னொன்று இருக்கிறது. அதை நான் தவறு செய்துதான் கற்றேன்.

நான் செய்த தவறு

எங்கள் வகுப்பில் ஓர் அக்கா படித்தார். நாற்பது வயதுக்கு மேல் எழுதப் பழகியவர். ஒருநாள் தன் நோட்டில் இரண்டு பக்கம் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதினார். வீட்டுக்காரரின் குடியைப் பற்றியும், தான் பட்ட அடியைப் பற்றியும் எழுதியிருந்தார். படித்து எனக்குக் கண் கலங்கியது. பெருமையாகவும் இருந்தது. ‘இதுவும் நம் தொகுப்பில் இருக்க வேண்டும்’ என்று நினைத்தேன். அவரைக் கேட்காமல் படம் எடுத்தேன். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்.

மறுநாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. இதை மட்டும்தான் சொன்னார்.

“என் மனசுல இருக்கிறதை இறக்கி வைக்கத்தான் எழுதினேன், டீச்சர். லைன் முழுக்கப் படிக்கிறதுக்கா எழுதினேன்?”

நான் மன்னிப்புக் கேட்டேன். படத்தை அழித்தேன். குழுவில் இருந்தவர்களையும் அழிக்கச் சொன்னேன். எல்லோரும் அழித்தார்களா? எனக்குத் தெரியாது. ஒரு முறை வெளியே போன படத்தை முழுதாகத் திரும்ப வாங்க முடியாது.

அவர் திரும்பி வர ஒரு மாதம் ஆனது.

அதன் பிறகு ஒரு விதி வைத்தோம். கடிதம், டைரி, குடும்பப் படம், சொந்தக் கதை எதுவாக இருந்தாலும் உரியவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அவர் மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். எல்லோரும் பார்க்கலாம் என்று சொல்லலாம். படிப்பகத்துக்கு வந்து மட்டும் பார்க்கலாம் என்று சொல்லலாம். பூட்டி வையுங்கள் என்றும் சொல்லலாம். இன்று பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளி வைத்துப் பட்டியலில் குறிக்கிறோம்.

அந்த அக்காவே தன் இரண்டு பக்கத்தைப் பிறகு கொண்டுவந்து தந்தார். சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னார். “என் மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு அவ கையில குடுங்க. அவ மட்டும் படிக்கட்டும்” என்றார். அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்.

படம் எடுப்பது எப்படி?

பெரிய நூலகங்களில் இதற்கென்றே ஸ்கேனர் இருக்கும். எங்களிடம் ஒரு கைப்பேசிதான் இருந்தது. அதை வைத்தே செய்தோம்.

இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கினோம். மேலே ஒரு பலகை வைத்தோம். பலகையில் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு மேல் கைப்பேசியைப் படுக்க வைத்தோம். கீழே புத்தகம். இதனால் கை ஆடாது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் விழும்.

கவனிக்க வேண்டியவை இவை:

1. கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக்கூடாது.
2. பகல் வெளிச்சம் நல்லது. நேர் வெயில் கூடாது. கைப்பேசியின் ஃபிளாஷ் கூடாது. போட்டால் பக்கத்தின் நடுவில் வெள்ளையாக அடித்துவிடும்.
3. புத்தகம் விரியவில்லை என்றால் முதுகை உடைத்து விரிக்கக்கூடாது. பாதி திறந்து, அடியில் துணி மடித்து முட்டுக் கொடுக்க வேண்டும்.
4. பக்கத்தின் நாலு ஓரமும் படத்தில் விழ வேண்டும். ஓரத்தில் யாராவது பேனாவால் குறிப்பு எழுதி இருக்கலாம். அதுவும் வரலாறுதான்.
5. முன் அட்டை, பின் அட்டை, வெற்றுப் பக்கம், எதையும் விடக்கூடாது.
6. ஒரு புத்தகம் முடிந்ததும் பக்கங்களை எண்ண வேண்டும். படங்களையும் எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப் போக வேண்டும்.

ஆறாவது விதியை முதலில் நாங்கள் பின்பற்றவில்லை. ஒரு நாடகப் பிரதியைப் படம் எடுத்து முடித்து, பெட்டியில் கட்டி வைத்துவிட்டோம். பிறகு பார்த்தால் இரண்டு பக்கங்கள் இல்லை. மூன்று பக்கங்களில் எழுத்துக்கு மேல் என் கட்டைவிரல்! மறுபடி கட்டு அவிழ்த்தோம். பழைய காகிதத்தை எத்தனை முறை தொடுகிறோமோ அத்தனை முறை அது தேயும்.

பெயர் வைக்காத பிள்ளை

கைப்பேசி தானாக ஒரு பெயர் வைக்கும். ஏதோ எழுத்தும் ஏதோ எண்ணுமாக இருக்கும். அதை வைத்து ஒன்றையும் தேட முடியாது. நாம்தான் பெயர் வைக்க வேண்டும்.

நாங்கள் எண்ணால் பெயர் வைத்தோம். 012-005 என்றால் பட்டியலில் 12-ஆவது பொருள், அதில் 5-ஆவது பக்கம். அவ்வளவுதான். கூடவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு. எங்கள் சீட்டில் இருப்பது இது:

எண்: 012
பெயர்: நாடக நோட்டீசு
எழுதியவர் அல்லது வெளியிட்டவர்: நாடகக் குழு
ஆண்டு: அச்சில் இல்லை
மொழி: தமிழ்
பக்கம்: 2
யார் தந்தது: லைனில் இருக்கும் ஒரு குடும்பம்
நிலை: ஓரம் கிழிந்தது
யார் பார்க்கலாம்: எல்லோரும்

ஆண்டு தெரியாவிட்டால் ஊகித்து எழுதக்கூடாது. ‘அச்சில் இல்லை’ என்று எழுத வேண்டும். தவறான ஆண்டை ஒருவர் எழுதினால் பின்னால் வருபவர் எல்லோரும் அதையே நம்புவார்கள்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2000-க்குப் பிறகு ‘டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா’ என்ற பெரிய முயற்சி நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் வேறு பல நிறுவனங்களும் அதில் சேர்ந்து உழைத்தன. பல லட்சம் பழைய புத்தகங்களைப் படம் எடுத்தார்கள். இன்று பல அரிய நூல்கள் நமக்குக் கிடைப்பது அந்த உழைப்பால்தான். ஆனால் வேலை மிகப் பெரியது. பல நூல்களின் பெயர் தவறாகப் பதிவானது. சிலவற்றில் பக்கங்கள் விட்டுப் போயின. பெயர் தவறாக இருந்தால் நூல் உள்ளே இருந்தும் தேடுபவர் கண்ணுக்குத் தெரியாது.

பிற்காலத்தில் அந்த இணையதளம் நின்றுபோனது. ஆனாலும் நூல்கள் அழியவில்லை. பல லட்சம் நூல்களின் பிரதி ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்ற வேறோர் இடத்திலும் இருந்தது. இதில் இரண்டு பாடம் இருக்கிறது. பெயரைச் சரியாக எழுது. பிரதியை வேறு இடத்திலும் வை.

மூன்று பிரதி, இரண்டு வகை, ஒன்று வெளியூரில்

ஒரு படம் சுமார் 5 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். 100 பக்க நோட்டுக்கு 100 படம். மொத்தம் 500 எம்.பி. இதுபோல் 200 பொருள்கள் என்றால் 1,00,000 எம்.பி. அதாவது சுமார் 100 ஜி.பி. ஆகும். கடையில் கிடைக்கும் 1 டி.பி. ஹார்டு டிஸ்கில் இதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு வைக்கலாம்.

ஹார்டு டிஸ்கைக் கறையான் தின்னாது. ஆனால் அதுவும் சாகும். கீழே விழுந்தால் போகும். சும்மா வைத்திருந்தாலும் சில வருடங்களில் கெடலாம். பென் டிரைவ் தொலையும். ஆகவே ஒரு பழக்கம் சொல்லித் தந்தார்கள். மூன்று பிரதி வேண்டும். இரண்டு வேறு வகையான சாதனத்தில் வேண்டும். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும்.

எங்களிடம் படிப்பகத்தில் ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கிறது. ஒரு பிரதி இணையச் சேமிப்பில் இருக்கிறது. இன்னொரு டிஸ்க் பெங்களூரில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் வீட்டில் இருக்கிறது. அவர் தினமும் ரயிலில் போய்வந்து களைத்து, அங்கேயே குடியேறியவர். ஊரை விட்டுப் போனவர் வீட்டில் ஊரின் பெட்டி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூன்றையும் திறந்து பார்க்கிறோம். நாலைந்து வருடத்தில் புது டிஸ்குக்கு மாற்ற வேண்டும். இதற்காக மாதம் வீட்டுக்கு 10 ரூபாய் சேர்க்கிறோம்.

கண் தெரியாதவரும் படிக்க

படமாக இருக்கும் பக்கத்தைக் கணினி வெறும் படமாகத்தான் பார்க்கும். அதில் உள்ள எழுத்தை எழுத்தாக மாற்றினால் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடலாம். தமிழ் அச்சு எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்கள் இப்போது உண்டு. ஆனால் பழைய அச்சிலும் கையெழுத்திலும் தப்புச் செய்யும். மனிதர் படித்துத் திருத்த வேண்டும்.

எழுத்தாக மாற்றினால் கணினி அதை வாய்விட்டுப் படிக்கும். பார்வை இல்லாதவரும் கேட்கலாம். இப்படிப்பட்டவர்களுக்காக 2016-இல் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் தொடங்கியது. அவர்கள் படிக்கும் வடிவில் நூலை மாற்றித் தர நம் பதிப்புரிமைச் சட்டமும் 2012 முதல் இடம் கொடுக்கிறது.

எங்கள் தாத்தாவுக்குக் கண்புரை. திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினோம். அப்போதும் சிரமமாக இருந்தது. ஆகவே ஓர் அக்கா அந்தக் கையெழுத்துப் பத்திரிகையை வாய்விட்டுப் படித்தார். கைப்பேசியில் பதிவு செய்தோம். எழுத்துக்கூட்டித்தான் படித்தார். நடுவில் இரண்டு இடத்தில் தாத்தாவே திருத்தினார். சொல் அழிந்துபோன இடத்தில் என்ன இருந்தது என்று அவர் ஞாபகத்திலிருந்து சொன்னார். அதையும் சேர்த்துப் பதிந்தோம்.

பழையதைத் தூக்கி எறியாதீர்கள்

படம் எடுத்தாகிவிட்டது, இனிக் காகிதம் எதற்கு என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படம் படம்தான். மூலம் மூலம்தான். மையின் நிறம், காகிதத்தின் தடிமன், ஒட்டிய பசை எல்லாம் ஆராய்ச்சி செய்பவருக்குச் செய்தி சொல்லும்.

எங்கள் காகிதங்களைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, புதுப் பெட்டியில் வைத்திருக்கிறோம். பெட்டி தரையில் இல்லை. செங்கல் மேல், சுவரைத் தொடாமல் இருக்கிறது. கூரையையும் சரி செய்தோம்.

கூழாகிப் போன பாதி திரும்ப வரவில்லை. அதையும் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறோம். ‘இருந்தது, நனைந்து அழிந்தது’ என்று. வேறு யாராவது வீட்டில் இன்னொரு பிரதி இருக்கலாம். பட்டியலைப் பார்த்து ஒருநாள் கொண்டுவந்து தரலாம். இதுவரை இரண்டு குடும்பங்கள் அப்படித் தந்திருக்கின்றன.

உங்கள் ஊரிலும் ஒரு பெட்டி இருக்கும். பரணில் இருக்கும். கோயிலில் இருக்கும். சங்க அலுவலகத்தில் இருக்கும். அடுத்த மழைக்கு முன் திறந்து பாருங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய காகிதம் எது? அதில் என்ன எழுதி இருக்கிறது?
2. உங்கள் ஊரில் காகிதத்துக்குப் பெரிய எதிரி எது: மழையா, கறையானா, அக்கறை இல்லாமையா?
3. அந்த அக்கா சொன்னது சரிதானா? நீங்கள் என்றால் எந்தப் புள்ளி வைக்கச் சொல்வீர்கள்?

கணக்குப் போடுங்கள்

ஓர் எழுத்தாளர் 1970-இல் இறந்தார். அவர் வாழ்ந்தபோது வெளியிட்ட நூல்கள் எந்த ஆண்டு ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது ஆகும்?
(விடை: 2031)

செய்து பாருங்கள்

வகுப்பில் நாலு பேர் சேருங்கள். ஐந்து பழைய பொருள்களைக் கொண்டு வாருங்கள். உரியவரைக் கேட்டுக்கொண்டு கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்னபடி ஒரு சீட்டு எழுதுங்கள். ஒருவர் படிக்கட்டும், ஒருவர் எழுதட்டும். அடுத்த நாள் மாற்றிக்கொள்ளுங்கள்.